தெப்பத்துக்கு மூன்று மரம்

ஆனி மாதம் முழுவதும் ஜெபரத்தினம் வீடு வீடாகப் போய்ப் படகு வேண்டும் என்று கேட்டார். யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை.

அவர் மிஷன் மருந்தகத்தில் கம்பவுண்டர். திருத்தணியில் அவர் கலக்கிய மருந்தைக் குடிக்காத வீடு குறைவு. அதனால் கதவைத் திறந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். மோர் கொடுத்தார்கள். கடலில் கப்பல் உடைந்தால் ஆட்களைக் காப்பாற்றப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு படகு வேண்டும் என்று அவர் தொடங்கியதும் முகம் மாறியது.

"யுத்த ஃபண்டுங்களா?"

"இல்லீங்க. இது வேற."

"போன மாசம்தான் மணியக்காரர் வந்து வாங்கினு போனாரு. அவரும் கப்பலுக்குன்னுதான் சொன்னாரு."

ஜெபரத்தினம் விளக்குவார். பழவேற்காட்டுக்கு வடக்கே ஒரு குப்பம். அங்கே இருக்கும் மீன்காரர்கள் புயலில் சிக்கிய கப்பலைக் கண்டால் கட்டுமரம் கட்டிக்கொண்டு போவார்கள். அவர்களை யாரும் அனுப்புவதில்லை. யாரும் கூலி கொடுப்பதில்லை. கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். இங்கே கிணற்றில் தண்ணீர் இல்லை என்றார்கள். கடலை நாங்கள் பார்த்ததே இல்லை என்றார்கள்.

பூ விற்கும் ஜெயம்மா தெருவில் வைத்தே கேட்டாள். "படகு வாங்கி எங்க விடப் போறீங்க கம்பவுண்டரே, நந்தி ஆத்துலயா? கால் கொலுசுகூட நனையாது."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அவருடைய ஒரே மகன் எலியாஸ். காக்கிநாடாவிலிருந்து சென்னைக்கு அரிசி ஏற்றிவந்த சிறிய கப்பலில் கரி தள்ளும் வேலையில் இருந்தான். முந்தைய ஐப்பசியில் அந்தக் கப்பல் குப்பத்துக்கு எதிரே மணல் திட்டில் ஏறி நின்றுவிட்டது. கரையிலிருந்து பார்த்தால் ஆட்களின் தலை தெரிந்தது. குப்பத்து ஆட்கள் தங்களிடம் இருந்த பெரிய மரத்தைக் கட்டிக்கொண்டு போனார்கள். சிலரைக் கொண்டுவந்தார்கள். மறுபடி போய்ச் சிலரைக் கொண்டுவந்தார்கள். மூன்றாவது தடவை மரம் நடுக்கடலில் பிரிந்தது. துளசிங்கம் என்ற மீன்காரன் அதில் செத்தான். எலியாஸ் கப்பலிலேயே இருந்தான்.

உடலை அடையாளம் காட்ட ஜெபரத்தினம் போனார். கஷ்டப்பட்டானா என்று கேட்டார்.

"ஒரே அலை நைனா. அடிச்சதே தெரிஞ்சிருக்காது" என்றான் துளசிங்கத்தின் தம்பி சிங்காரம். பக்கத்தில் நின்றவர்களும் ஆமாம் என்றார்கள்.

மகனை அங்கேயே மணலில் புதைத்தார்கள். புதைத்த கையோடு ஜெபரத்தினம் சிங்காரத்திடம் கேட்டார், உங்களுக்கு என்ன வேண்டும்?

"மரம்" என்றான் சிங்காரம்.

அடுத்த ஐப்பசிக்குள் வரும் என்று அவர் சொன்னார்.

*

ஆடி பிறந்ததும் சிங்காரம் ரயிலேறித் திருத்தணிக்கு வந்தான். வாசலில் கால் கழுவினான். நெற்றியில் திருநீறு இருந்தது. ஜெபரத்தினத்தின் மனைவி ரெபேக்காள் நாற்காலியைக் காட்டினாள். அவன் தரையில் உட்கார்ந்தான்.

"ஒண்ணும் சேரலப்பா" என்றார் ஜெபரத்தினம். "யுத்த ஃபண்டுன்னு நெனைக்கிறாங்க."

"காசு எதுக்கு நைனா? காசு குடுத்தாலும் மரம் எங்க கீது? பட்டாளத்துக் காண்ட்ராக்டருங்க மலையவே வழிச்சுகினு போறாங்க. மரமாவே குடுக்கச் சொல்லுங்க. ரயில்ல வர்றப்பவே பாத்தேன். உங்க ஊரு கரட்டு மேல தணக்கு நிக்குது."

தணக்கு பாறை இடுக்கில் வளரும் மரம். பட்டை வெளுத்து வழவழப்பாக இருக்கும். ஊரில் யாரும் அதை ஒரு மரமாக மதித்ததில்லை. அடுப்புக்கு ஆகாது, கதவுக்கும் ஆகாது. கனம் இல்லாத மரம். கடலில் கட்டிப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல மரம் இல்லை.

"இந்த மாசம் வெட்டினாத்தான் ஐப்பசிக்குள்ள காயும்" என்றான் சிங்காரம். "பச்சை மரம் தண்ணியக் குடிச்சுகினு முங்கிடும்."

"தள்ளிப்போனா?"

"தள்ளிப்போனா அதுக்கு அடுத்த ஐப்பசிக்குத்தான் ஆவும்."

ரெபேக்காள் கூழ் கொண்டுவந்து வைத்தாள். அவன் குடிக்கும்போது அவனுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை இரண்டு பேரும் தெருவில் இறங்கினார்கள். முதல் வீட்டில் ஜெபரத்தினம் வாயைத் திறப்பதற்குள் சிங்காரம் கும்பிட்டுவிட்டுக் கேட்டான். அவன் வீட்டில் பேசுவது பாதி தெலுங்கு.

"தெப்பக்கு மானு காவாலம்மா. தெப்பத்துக்கு மரம் வேணும்."

அவனுடைய கரையில் கட்டுமரத்துக்குத் தெப்பம் என்றுதான் பெயர். திருத்தணியில் தெப்பம் ஒன்றுதான். ஆடிக் கிருத்திகைக்குச் சரவணப் பொய்கையில் சாமி ஏறிச் சுற்றி வரும் தெப்பம். அந்த வருடம் அதற்குப் பீப்பாய் கிடைக்கவில்லை. தகரம் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டது. தெப்பம் உண்டா இல்லையா என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டுப் பெண் உள்ளே போனாள். ஒரு முறத்தில் அரிசியும் மஞ்சளும் கொண்டுவந்தாள். அரிசிக்கு ஊரெல்லாம் அலைகிற வருடம் அது.

"மரம் எங்ககிட்ட இல்லப்பா. இத வெச்சுக்க" என்று சிங்காரத்தின் துண்டில் கொட்டினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நல்ல மனுஷி" என்றான் சிங்காரம் தெருவுக்கு வந்ததும்.

 அந்தப் பெண் ஏன் அரிசி கொடுத்தாள் என்று ஜெபரத்தினத்துக்கு இன்னும் புரியவில்லை. சந்நிதித் தெரு முனையில் ஜெயம்மா பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா கம்பவுண்டரே, தெப்பத்துக்குக் கேக்கறீங்களாமே. எங்க கட்சிக்கு வந்துட்டீங்களா? பாதிரி அடிக்க மாட்டாரு?"

அப்போது புரிந்தது.

அவர் சிங்காரத்தைப் பார்த்தார். அவன் பத்தடி முன்னால், ஒரு கூரை வீட்டின் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தபடி போய்க்கொண்டிருந்தான். ஜெயம்மா கூடையிலிருந்து ஒரு முழம் பூவைக் கிள்ளி நீட்டினாள்.

"எங்கிட்ட இதான் கீது. சாமி தெப்பத்துல போடுங்க."

ஜெபரத்தினம் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

*

"நீங்க அப்படிச் சொன்னீங்களா?" என்று ரெபேக்காள் அன்று கேட்டாள். துண்டில் இருந்த அரிசியை அவள் பானையில் போடவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லல."

"அதத்தான் கேக்கறேன்."

"அவன் தெப்பம்னுதான் சொன்னான். அவன் சொன்னதுல பொய் இல்ல."

"அவன் சொன்னதுல இல்ல." அவள் துண்டை ஓரமாகத் தள்ளினாள். "நாளைக்குப் போய் வெவரமா சொல்லிடுங்க. குடுக்கறவங்க குடுக்கட்டும்."

"வெவரமாத்தான் ஒரு மாசம் சொன்னேன். ஒரு குச்சிகூட வரல. உனக்குத் தெரியாதா?"

 பின்பக்கம் சிங்காரம் கயிறு திரித்துக்கொண்டே ஏதோ பாடிக்கொண்டிருந்தான். ஜெபரத்தினம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

மறுநாள் சிவப்பிரகாசம் ஆள் அனுப்பினார்.

சிவப்பிரகாசம் திருவாலங்காட்டுச் சாலையில் நிலம் வைத்திருப்பவர். நிலத்துக்குப் பின்னால் இருக்கும் கரடும் அவருடைய பட்டாதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் மகள் பத்மாவுக்குக் காலரா கண்டபோது ஜெபரத்தினம்தான் பக்கத்தில் இருந்து உப்பும் தண்ணீரும் புகட்டினார். பெண் பிழைத்தாள். அதற்குப் பிறகு சிவப்பிரகாசம் அவரைக் கண்டால் துண்டை இடுப்புக்கு இறக்கிவிடுவார்.

"தெப்பத்துக்கு மரம் தேடிகினு கீறீங்களாமே" என்றார். "எங்கிட்ட கேக்காம ஊரெல்லாம் சுத்தறீங்களே, நியாயமா? கரட்டு மேல தணக்கு கீது. மிதக்கற மரம்னு உங்ககூட வந்த தம்பி சொல்றாப்ல. எது வேணுமோ காட்டச் சொல்லுங்க."

"வெல..." என்றார் ஜெபரத்தினம்.

"சாமிக்கு வெலையா? எம் பொண்ணுக்கு நீங்க வெல கேட்டீங்களா?"

சிங்காரம் அப்போது அங்கே இல்லை. கரட்டின் மேலே ஏறிப் பட்டையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று மரத்தில் கரித்துண்டால் கோடு போட்டுவிட்டு இறங்கி வந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை ஜெபரத்தினம் அதுவரை பார்த்ததில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை மரம் வெட்டினார்கள். சின்னசாமி என்பவன் கோடாலியோடு வந்தான். சிவப்பிரகாசத்தின் மனைவி எல்லம்மாள் தட்டில் மஞ்சளும் குங்குமமும் கற்பூரமும் கொண்டுவந்தாள். சிங்காரம் மேல் பாறையில் மூன்றாவது மரத்தின் கொடிகளை அறுத்துக்கொண்டிருந்தான். கீழே பேசுவது அவனுக்குக் கேட்காது.

எல்லம்மாள் முதல் மரத்தின் அடியில் தண்ணீர் தெளித்தாள். பட்டையில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். கற்பூரத்தைக் கொளுத்தினாள்.

"முருகா, இது உன் தெப்பத்துக்கு. உன் பேர்ல வெட்டறோம். குத்தம் கொற இருந்தா பொறுத்துக்க."

ஜெபரத்தினம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. சின்னசாமி கோடாலியைத் தோளில் வைத்தபடி நின்றான்.

சிவப்பிரகாசம் அவர் பக்கம் திரும்பினார். "இன்னா கம்பவுண்டரே, ஒண்ணும் பேச மாட்டேன்றீங்க? உங்க சாமி பேரயும் ஒரு வாட்டி சொல்லிடுங்க. ரெண்டு பேரும் பாத்துக்கட்டும்."

எல்லம்மாள் சிரித்தாள். சின்னசாமியும் சிரித்தான். எல்லாரும் அவர் பேசுவதற்காகக் காத்திருந்தார்கள்.

"வெட்டலாம்" என்றார் ஜெபரத்தினம்.

மரம் சுலபமாக வெட்டுப்பட்டது. உள்ளே வெள்ளையாக இருந்தது. வெயில் ஏறுவதற்குள் மூன்றும் கீழே கிடந்தன. கிளைகளைக் கழித்த பிறகு சிங்காரம் ஒரு துண்டின் முனையைத் தனியாகத் தூக்கித் தோளில் வைத்துக் காட்டினான். பிறகு இறக்கி வைத்துவிட்டு ஜெபரத்தினத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எங்க ஊர்ல மரத்த சும்மா வெட்ட மாட்டோம் நைனா. ஒரு பேர சொல்லித்தான் வெட்டுவோம். யாரு பேர்ல வெட்டறமோ அவங்களுதுதான் அது, எங்க போனாலும். போன மரம் எங்கப்பன் பேர்ல வெட்டினது. அண்ணன்கூட அதும்மேலதான் போச்சு." அவன் வேர்வையைத் துடைத்தான். "இத யாரு பேர்ல வெட்டினீங்க?"

ஜெபரத்தினம் வெட்டுப்பட்ட அடிமரத்தைப் பார்த்தார். மஞ்சள் பூசிய பட்டை அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"எலியாஸ் பேர்ல" என்றார்.

சிங்காரம் எழுந்து போய் மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

*

வண்டிகளை ஜெபரத்தினமே பேசி வைத்திருந்தார். வண்டிக்காரனிடம் ஸ்டேஷனுக்கு என்று சொல்லியிருந்தார். சரக்கு வண்டியில் இடத்துக்கும் கேட்டு வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை சிவப்பிரகாசம் பள்ளிப்பட்டுக்கு மாடு பார்க்கப் போவதாக இருந்தது. அவர் திரும்புவதற்குள் மரம் போய்விடும். பிறகு நடப்பதைப் பிறகு பார்க்கலாம் என்று ஜெபரத்தினம் நினைத்திருந்தார்.

சிவப்பிரகாசம் பள்ளிப்பட்டுக்குப் போகவில்லை. சாமி மரம் போகும்போது கூடப் போகாமல் இருப்பதா என்று மேளக்காரர்களோடு வந்து நின்றார். எல்லம்மாளும் பத்மாவும் வந்தார்கள். மாட்டின் கொம்புக்குப் பூ சுற்றினார்கள். மேளம் முன்னால் போனது. மரம் ஏற்றிய இரண்டு வண்டிகளும் பின்னால் போயின.

இது எதற்கு என்று சிங்காரம் கேட்டான்.

"ஊரு வழக்கம்" என்றார் ஜெபரத்தினம்.

"எங்க மரத்துக்கு மேளமா!" என்று சிங்காரம் சிரித்தான். மேளத்துக்குப் பக்கத்தில் போய் நடந்தான்.

பெரிய தெரு முடியும் இடத்தில் பாதை பிரியும். ஒரு பக்கம் ஸ்டேஷன். ஒரு பக்கம் சரவணப் பொய்கை. மேளம் பொய்கைப் பக்கம் திரும்பியது. வண்டிக்காரன் மாட்டை நிறுத்திவிட்டு ஜெபரத்தினத்தைப் பார்த்தான்.

"இன்னாடா நிறுத்திட்ட?" என்றார் சிவப்பிரகாசம்.

"ஸ்டேஷனுக்குன்னு சொன்னாருங்க."

"ஸ்டேஷனுக்கா? சாமி ரயிலேறி எங்கடா போவுது?"

கூட்டம் சிரித்தது. மேளக்காரன்கூடச் சிரித்தான். சிங்காரம் மட்டும் சிரிக்கவில்லை.

"ஸ்டேஷனுக்குத்தாங்க" என்றான். "எங்க கடலுக்குப் போவுது. தெப்பம் கட்ட."

"கடலுக்கா? தெப்பம் இங்கதானப்பா, கொளத்துல."

"இந்தக் கொளத்துலயா?"

 மாடு தலையை ஆட்டியது. கொம்பில் இருந்த பூ ஆடியது.

சிங்காரம் எல்லம்மாளிடம் போனான். "அம்மா, இந்த மரத்த யார் பேர சொல்லி வெட்டினீங்க?"

"முருகன் பேரத்தான். வேற யார் பேர சொல்லுவாங்க? கம்பவுண்டரு கூடவே நின்னுகினு இருந்தாரே."

சிங்காரம் ஜெபரத்தினத்தைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. கணக்குத் தவறிப்போனவனைப் போலப் பார்த்தான். வண்டிக்குப் போய் மரத்தைத் தடவினான். மஞ்சள் காய்ந்து பட்டையோடு ஒட்டியிருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தான்.

"அப்ப இது எங்களுது இல்ல" என்றான்.

ஜெபரத்தினம் அவன் கையைப் பிடித்தார். "சிங்காரம், கேளு. பேரு மாறினா மரம் மாறிடுமா? மிதக்கறதுதான மிதக்கும்?"

"கரையில நின்னு சொல்லலாம் நைனா. அங்க காலுக்குக் கீழ வேற ஒண்ணும் இல்ல. சாமிய ஏமாத்தி எடுத்த மரத்துல எவன் ஏறுவான்? நான் ஏறினாலும் எங்க ஆளுங்க ஏற மாட்டாங்க."

சிவப்பிரகாசம் இவ்வளவு நேரமும் துண்டை இடுப்பில் வைத்தபடியே நின்றிருந்தார். இப்போது அதை எடுத்துத் தோளில் போட்டார்.

"கடல்ல சாவறவங்கள தூக்கறதுக்கா கேட்டீங்க?"

"ஆங்."

"உங்க புள்ள மாதிரி ஆளுங்களயா?"

"ஆங்."

"அத எங்கிட்ட சொல்ல உங்களுக்கு வாய் வரல." அவர் குரல் உயரவில்லை. "சொன்னா குடுத்திருக்க மாட்டேனா? எம் பொண்ணு அதோ நிக்குது உசுரோட. மரம் இன்னா பெரிய மரம். கரட்டையே வெட்டிக்கங்கன்னு சொல்லியிருப்பேனே கம்பவுண்டரே."

ஜெபரத்தினம் வாயைத் திறந்தார். ஆனி மாதம் அவர் இந்த வீட்டுக்கு மட்டும் போகவில்லை. மகளைப் பிழைக்க வைத்ததற்குக் கூலி கேட்பது போல் இருக்குமே என்று போகவில்லை. அதை இப்போது சொல்ல முடியவில்லை.

"சாமிக்குன்னு வெட்டினத சாமிக்குத்தான் குடுக்கணும்" என்றார் சிவப்பிரகாசம். "மேல இன்னும் தணக்கு கீது. உங்களுக்கு அதுல ஒரு கிளைகூட இல்ல. இனிமே எங்க வாசப்படி ஏறாதீங்க."

சிங்காரம் அவர் முன்னால் கைகூப்பினான். "அய்யா, அவரு மேல கோவம் இருக்கட்டும். எங்களுக்கு..."

"உனக்கும்தான். கூடத்தான சுத்தின?"

வண்டி பொய்கைப் பக்கம் திரும்பியது. கொஞ்ச தூரம் வரை மேளம் அடிக்கவில்லை. பிறகு அடிக்கத் தொடங்கியது.

*

ரயிலுக்கு நேரம் இருந்தது. பிளாட்பாரத்தில் சிங்காரம் திரித்த கயிற்றுச் சுருளைத் தலைக்கு அடியில் வைத்துப் படுத்திருந்தான். ஜெபரத்தினம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பள்ளிப்பட்டுப் பக்கம் தேடறேன். நகரி மலைப் பக்கம் ஆள் அனுப்பறேன்" என்றார்.

"தேடறதுக்குள்ள ஆடி முடிஞ்சிடும் நைனா."

"ஐப்பசிக்கு இன்னா பண்ணுவீங்க?"

"மீனுக்குப் போற சின்ன மரங்க கீது. நாலஞ்ச சேத்துக் கட்டிகினு போவோம்."

"அது தாங்காதே."

"தாங்காது."

"அப்ப போவாதீங்க. உங்கள யாரு போவச் சொன்னா? யாரு கேக்கப்போறா?"

சிங்காரம் எழுந்து உட்கார்ந்தான். கயிற்றை மடியில் வைத்துக்கொண்டான்.

"நாங்களும் உங்ககிட்ட ஒரு பொய் சொன்னோம் நைனா" என்றான். "உங்க புள்ள ஒரே அலையில போவல. மரம் பிரிஞ்சப்புறம் ஒரு பகல் முழுக்க கம்பத்துல கட்டிகினு இருந்துச்சு. காத்து கரப்பக்கம் அடிச்சா கத்தறது கேக்கும். நல்லா கேட்டுச்சு. பொம்பளைங்க காதப் பொத்திகினு வீட்டுக்குள்ள பூந்துகினாங்க. நாங்க கரையிலயே நின்னுகினு இருந்தோம். கட்டறதுக்கு ஒண்ணும் இல்ல." அவன் கயிற்றின் முனையைப் பிரித்துப் பிரித்து முறுக்கினான். "அத மறுபடி கேட்டுகினு நிக்க முடியாது. அதான் போவோம்."

ரயில் வந்தது. அவன் ஏறினான். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. ஜன்னல் வழியாகக் கும்பிட்டான்.

ஜெபரத்தினம் வீட்டுக்கு வந்ததும் ரெபேக்காளிடம் மரம் போனதைச் சொன்னார். மகனைப் பற்றிக் கேட்டதைச் சொல்லவில்லை.

கிருத்திகைக்குத் தெப்பம் விட்டார்கள். பொய்கையில் தண்ணீர் குறைவு. ஆனாலும் தணக்கு மரத் தெப்பம், பச்சை மரம் தண்ணீர் குடிப்பதற்குள், இலையைப் போல மிதந்து சுற்றி வந்தது. இப்படி லேசான தெப்பத்தைப் பார்த்ததில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். காவடி எடுத்தவர்கள் காலில் கொப்புளத்தோடு மருந்தகத்துக்கு வந்தார்கள். ஜெபரத்தினம் கட்டுப்போட்டார். ஜெயம்மாவும் வந்தாள். மருந்தை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனாள்.

ஆவணியில் நகரிப் பக்கம் ஒருவன் மரம் இருக்கிறது என்றான். போய்ப் பார்த்தபோது அடிக்கட்டைகள்தான் இருந்தன.

*

ஐப்பசியில் மழை பிடித்தது. இரண்டு நாள் காற்று நிற்கவில்லை. மருந்தகத்தின் ஓடுகள் பறந்தன. நந்தி ஆற்றில் தண்ணீர் கரை தொட்டது. ரெபேக்காள் ஜன்னலுக்குப் பக்கத்தில் போகவே இல்லை.

மழை விட்ட பிறகு அரக்கோணத்திலிருந்து வந்த ரயில்வே கார்டு ஒருவர் சேதி சொன்னார். உப்பு ஏற்றிய தோணி ஒன்று பழவேற்காட்டுக்கு வடக்கே சிக்கிக்கொண்டதாம். குப்பத்து ஆட்கள் சின்ன மரங்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனார்களாம். தோணி பிறகு தானாகவே ஒதுங்கிவிட்டது. அதில் இருந்தவர்கள் இறங்கி நடந்து வந்தார்கள். போனவர்கள் வரவில்லை.

"சிங்காரம்னு ஒருத்தன்?" என்று ஜெபரத்தினம் கேட்டார்.

"அவன்தான் கூட்டிகினு போனவன்னு சொன்னாங்க."

இரண்டு நாள் கழித்து மருந்தகத்தில் நோயாளிகளோடு வரிசையில் சிவப்பிரகாசம் நின்றார். அவர் முறை வந்தபோது ஜெபரத்தினம் பாட்டிலை எடுத்தார்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல" என்றார் சிவப்பிரகாசம். "கேள்விப்பட்டது நெஜமா?"

"நெஜம்தான்."

"அந்தத் தம்பியுமா?"

"ஆங்."

பின்னால் நின்றவன் இருமினான். சிவப்பிரகாசம் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு அவன் கைகூப்பினான்" என்றார்.

ஜெபரத்தினம் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"மேல ரெண்டு தணக்கு கீது. கொஞ்சம் கோணல். சாமிக்குச் சொன்னது இல்ல."

கார்த்திகையில் அந்த இரண்டையும் வெட்டினார்கள். எல்லம்மாள் வரவில்லை. மஞ்சள் பூசவில்லை. சின்னசாமி கோடாலியை ஓங்கிவிட்டு நிறுத்தினான். "யார் பேர சொல்லட்டும்?" என்று கேட்டான்.

சிவப்பிரகாசம் ஜெபரத்தினத்தைப் பார்த்தார். ஜெபரத்தினம் அவரைப் பார்த்தார்.

"வெட்டுடா" என்றார் சிவப்பிரகாசம்.

தை மாதம் இரண்டு பேரும் மரத்தோடு போனார்கள். சிவப்பிரகாசம் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. வண்டி மணலில் இறங்கியதும் அது முன்னால் கிடந்தது. அமைதியாக இருந்தது. அவர் அதைப் பார்க்காமல் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சிங்காரத்தின் மனைவி வந்தாள். பின்னால் வேறு சில பெண்கள் வந்தார்கள். வயதான ஆண்கள் குடிசை நிழலில் உட்கார்ந்தபடியே பார்த்தார்கள். அவள் மரத்தைச் சுற்றி வந்தாள். விரலை மடக்கித் தட்டினாள்.

"யார் பேர சொல்லி வெட்டினீங்க?"

"யார் பேரும் சொல்லல" என்றார் ஜெபரத்தினம்.

"சாமி பேரு?"

"இல்ல."

"உங்க புள்ள பேரு?"

"இல்லம்மா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிவப்பிரகாசத்தின் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மறுபடி மரத்தைத் தட்டினாள். நகத்தால் கீறி முகர்ந்தாள்.

"பச்சை" என்றாள். "ஐப்பசிக்குள்ள காஞ்சிடும்."

"யாரும்மா போவாங்க?" என்று கேட்டார் சிவப்பிரகாசம்.

"இருக்கறவங்க."

வெயில் படாத இடத்தைக் காட்டினாள். ஆண்கள் யாரும் எழுந்து வரவில்லை. பெண்கள் ஒரு முனையைப் பிடித்தார்கள். ஜெபரத்தினமும் சிவப்பிரகாசமும் மறு முனையைத் தூக்கினார்கள். கோணல் மரம். தோளில் சரியாக உட்காரவில்லை. கனம் மட்டும் இல்லை.